ஒத்த ரிங்

போனை அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடிட்டேன். சும்மா மேலாக்க வைக்கல, முழங்கை வரைக்கும் கைய விட்டு அடியில கொண்டு போய்ப் புதைச்சு, மேல அரிசியத் தடவி நிரத்தி, மூடிய அழுத்தி, அது மேல இட்லிக் கொப்பரையையும் தூக்கி வச்சாச்சு. இனி நான் கூப்பிடணும்னா கொப்பரைய இறக்கணும், மூடியத் தொறக்கணும், கைய விட்டுத் துழாவணும், அதுக்குள்ள எனக்குப் புத்தி வந்துரும்லா. வரும்னு ஒரு நம்பிக்கைதான். இதைச் செஞ்சுக்கிட்டு நிக்கும்போதா பக்கத்து வீட்டுச் செல்லக்கனி மதினி கறிவேப்பிலை கேட்டுப் பின்வாசல்ல வந்து நிக்கணும்? "என்ன தங்கபுஷ்பம், போன் தண்ணில விழுந்துட்டா?" ன்னு கேட்டா. தண்ணில விழுந்த போனை அரிசில போட்டா ஈரத்தை இழுத்துக்கிடும்னு இப்பம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், மதினிக்குத் தெரியாதா? "ஆமா மதினி, விழுந்துட்டு" ன்னேன். வேற என்ன சொல்ல? என் மக தனியா வண்டி ஓட்டிக்கிட்டுத் தூத்துக்குடிக்குப் போறா, அவளைக் கூப்பிட்டுரக் கூடாதுன்னு என் கைக்கு நானே விலங்கு போடுதேன்னா சொல்ல முடியும்? சொன்னா சாயந்திரத்துக்குள்ள தங்கபுஷ்பத்துக்குக் கோட்டி பிடிச்சிட்டு, புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு தெருக்கோடி வரைக்கும் போயிரும். கறிவேப்பிலைய உருவிக் குடுத்து அனுப்பிட்டு உள்ள வந்து கதவைச் சாத்தினேன். சாத்தின பிறகு வீடு ரொம்பப் பெருசாத் தெரியுது.

ஷெர்லின் இந்நேரம் எங்க போயிருப்பா? பாத்தியா, இந்தக் கேள்வி வரக் கூடாதுன்னுதான போனைப் புதைச்சது. சரி, கேக்கல. கேக்காம நினைச்சா தப்பில்லயே. பாளையங்கோட்டைய விட்டு நாலு வழிச் சாலையில ஏறிருப்பா. ஹெல்மெட் பட்டைய மாட்டுனாளா? மாட்டுனா, நான் பாத்தேன், டிக்குன்னு சத்தம் கேட்டுது. சைடு ஸ்டாண்டு எடுத்தாளா? அதைப் பாக்கல. துப்பட்டாவ முடிச்சுப் போட்டாளா? போட்டா. போட்ட முடிச்சு அவுந்துட்டா? காத்து சும்மாவா அடிக்கு அந்த ரோட்டுல? ஒரு நுனி பறந்து சக்கரத்துக்குள்ள போயி... ஏசப்பா, வேண்டாம், வேண்டாம். இன்னைக்கு நாலு மணிக்குள்ள அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் லேப்ல வேலைக்குச் சேரணும் அவ. சேரலன்னா வேற ஆளைப் போட்டுருவாங்களாம். ரத்தத்தைச் சோதிச்சுச் சொல்லுத வேலை, அதுக்குத்தான படிச்சா. "பஸ்ல போயேன் மக்களே" ன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். "ராத்திரி டூட்டி முடிஞ்சு வாரப்ப எந்த பஸ்ஸும்மா எனக்காக நிக்கும்? வண்டிதான். இன்னைக்கே பழகிக்கிடுதேன்" ன்னுட்டா. அதுவும் போதாதுன்னு வாசல்ல நின்னு ஒரு சட்டம் போட்டா பாரு. "அம்மா, நீ கூப்பிடக் கூடாது. நான் கூப்பிட மாட்டேன். மிஸ்டு காலும் கிடையாது. சாயந்திரம் வந்து கதவைத் தட்டுவேன், அவ்வளவுதான். உன்னால முடியாதுன்னா இப்பமே சொல்லிரு, நான் வேலையே வேண்டாம்னு வீட்டுல இருந்துக்கிடுதேன்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அதான் எனக்குச் சுருக்குன்னு இருந்துது. கோவமாச் சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆத்தியிருப்பேன். சிரிச்சுக்கிட்டுச் சொல்லுதவகிட்ட என்ன பேச? "ஏன் முடியாது? நீ போ மக்களே" ன்னுட்டேன். வாய்க்கு என்ன, வாய் சொல்லிரும். அனுபவிக்கது நெஞ்சுல்லா.

மிஸ்டு கால் இல்லாம ஒரு நாள் எங்க வீட்டுல விடிஞ்சதும் இல்ல, பொழுது அடைஞ்சதும் இல்ல. போன் பேசக் காசு போன காலத்துல ஆரம்பிச்ச பழக்கம். போய்ச் சேர்ந்தா ஒத்த ரிங், கெளம்பினா ரெண்டு ரிங், எடுக்கக் கூடாது, எடுத்தா காசு போயிரும். இப்பம் நாள் முழுக்கப் பேசினாலும் காசு ஒண்ணுதான்னு ஆன பிறகும் நான் அதை விடல. ஜெபம் பண்ணி முடிச்சா ஆமென் சொல்லணும்லா, அது மாதிரி ஒருத்தர் வெளிய போனா ஒத்த ரிங் வரணும். வந்தாத்தான் அந்தப் போக்கு முடியும். எங்க வீட்டுல அவிய இருக்காவளே, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கது அடுத்த தெரு முக்குல. மொட்டை மாடியில நின்னு கூப்பிட்டா காது கேக்கும். அங்க போய்ச் சேர்ந்ததுக்கும் ஒத்த ரிங். கிறிஸ்மஸ் ஆராதனைக்கு ஒரு தடவை அவிய பிந்தி வந்தாவ, நான் பொம்பளையாள் பக்கம் உக்காந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கேன், ஆம்பளையாள் பக்கம் ஒரே தலை, எது அவிய தலைன்னு தெரியல. போதகர் பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருக்காரு, என் பைக்குள்ள இருந்து டிங்குன்னு ஒத்த ரிங். கோயிலே திரும்பிப் பாத்துது. மானம் போனாலும் பரவாயில்ல, எனக்கு அதுக்குப் பிறகுதான் பிரசங்கம் காதுல விழுந்துது. பொண்டாட்டி பயந்துருவாளேன்னு தேவனுடைய ஆலயத்துல போனை அமுக்குன மனுசன். தங்கமான மனுசன்னு ஊரு சொல்லுது. நானும் சொல்லுதேன். ஆனா போன மழைக்கு அவிய வண்டியில இருந்து வழுக்கி விழுந்து கை பூரா சிராய்ச்சிருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. புழுங்குத புழுக்கத்துல முழுக்கைச் சட்டையா போட்டுக்கிட்டுத் திரிஞ்சாவ. "என்னய்யா புதுசா ஸ்டைலு?" ன்னு கேட்டேன். "வயசாகுதுல்லா, மரியாதையா இருக்கட்டும்னு" ன்னாவ. நானும் நம்பினேன்.

தரையில படுத்துட்டேன். சிமெண்டுத் தரை குளுகுளுன்னு இருக்கு. காத்தாடி மேல சுத்துது, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு சின்ன முனகல், அதுக்கும் ஏதோ கவலைபோல. பக்கத்து வீட்டுல மதினி கருவாடு பொரிக்கா, வாசம் சன்னலு வழியா வந்து என் மேலயே உக்காருது. வெயிலு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நிக்கு, உள்ள வரட்டுமா வேண்டாமான்னு. இந்த நேரத்துல வீடு தண்ணிக்குள்ள இருக்கது மாதிரி இருக்கும், எல்லாம் பச்சையா, மெதுவா. கண்ணை மூடினா ரோடு வருது. வெள்ளையா, ரெண்டு பக்கமும் ஒடைமரமும் பனையும், ஆளே இல்லாத ரோடு, அது மேல ஒரு சின்னப் புள்ளியா அவ வண்டி. புள்ளி போய்க்கிட்டே இருக்கு. முன்ன ஒருநா தூத்துக்குடிக்கு பஸ்ல போறப்ப, அவ என் மடியில இருந்தா, சின்னப் பிள்ளை, துறைமுகத்துல இருந்து காத்தாலை இறக்கைய ஏத்திக்கிட்டு ஒரு லாரி எதிர்ல வந்துது. அதை லாரின்னு யாரு சொல்லுவா? வெள்ளை வெளேர்னு ஒரு இறக்கை சன்னலை ஒட்டி வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. "அம்மா, இது மீனா?" ன்னு கேட்டா. "இது முடியவே முடியாதாம்மா?" ன்னு கேட்டா. நான் அவ கண்ணைப் பொத்தினேன். ஏன் பொத்தினேன்? அவ பயப்படல, வாயத் தொறந்து வேடிக்கைல்லா பாத்துக்கிட்டு இருந்தா. பயந்தது நான். இப்பம் அந்த இறக்கை எங்க வீட்டு முன்வாசல் வழியா உள்ள வருது. சத்தமே இல்ல. நாற்காலிய இடிக்கல, காலண்டரை அசைக்கல, எனக்கு மேல ஒரு சாண் உயரத்துல வெள்ளையா நகந்து அடுக்களை வழியாப் பின்வாசலுக்குப் போகுது, நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மலந்து கெடக்கேன், முடியவே இல்ல. அது மேல ஷெர்லின் ஸ்கூல் யூனிபார்ம்ல காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கா. "அம்மா, சேந்துட்டேன்" ங்கா. "எங்கட்டி சேந்த, இன்னும் போய்க்கிட்டுத்தான இருக்க?" ன்னு கேக்கேன். குரல் வரல. அவ கைய ஆட்டுதா. ஹெல்மெட் இல்ல, ரெட்டைச் சடை மட்டும் ஆடுது.

முழிச்சிட்டேன். தூங்கினேனா என்ன? நெஞ்சு தடதடன்னு அடிக்கு, இடது கை மரத்துக் கெடக்கு. இந்த இடது கைய வச்சுத்தான் டாக்டரம்மாகிட்டப் போனது. இருதயம்னு நினைச்சு, எங்க வீட்டு அவியட்ட உயில் எழுதணுமான்னு கேட்டுக்கிட்டே போனேன், உயில்ல எழுத என்ன இருக்கு, ஒரு தையல் மிஷினும் எட்டுக் கோழியும். நெஞ்சுல வயரு வயரா ஒட்டி, படம் எடுத்து, எல்லாம் சுத்தமா இருக்குன்னுட்டாவ. பிறகு நாற்காலிய இழுத்துப் போட்டு, "எதுக்கும்மா பயப்படுதீங்க?" ன்னு கேட்டாவ. அப்படி யாரும் என்கிட்டக் கேட்டதில்ல. பயப்படாதன்னு சொன்னவங்கதான் ஊரு முழுக்க. சபையில வருசப் பிறப்புக்கு ஆளுக்கு ஒரு வசன அட்டை எடுப்போம், கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாலும் எனக்குக் கவலைப்படாதேங்கிற வசனம்தான் வரும், ஆண்டவருக்கே நான் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சிருக்கு. டாக்டரம்மா என்ன சொன்னாவன்னா, பயம் வீட்டு நாய் மாதிரி இருக்கணுமாம். கள்ளன் வந்தா குலைக்கணும், நாய் இல்லாத வீடு ஆபத்து. "உங்க நாய் இலை விழுந்தாலும் குலைக்குதும்மா" ன்னாவ. எனக்குச் சுள்ளுன்னு வந்துது. "பெத்த வயிறு குலைக்கத்தான் செய்யும் டாக்டர். எல்லாத் தாய்மாரும் பயப்படத்தான் செய்யாவ. இது எப்பம் வியாதியாகுது, சொல்லுங்க பாப்போம்" னு கேட்டேன். டாக்டரம்மா கோவப்படல. "உங்க பயத்துக்கு பயந்து வீட்டுல மத்தவங்க எப்ப வழிய மாத்திப் போக ஆரம்பிக்காங்களோ, அப்ப" ன்னாவ. மாத்திரையும் எழுதிக் குடுத்து, மாசம் ஒருக்க வந்து பேசிட்டுப் போகவும் சொன்னாவ. மாத்திரைய முழுங்கிட்டேன். அந்த வார்த்தை மட்டும் தொண்டையிலயே நிக்கு.

என் பயத்துக்கு யாரு வழி மாத்தினா? அவிய முழுக்கைச் சட்டை போட்டாவ, அது ஒண்ணு. இவ காலேஜ்ல ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனப்ப "எனக்கே பிடிக்கலம்மா, மலையில வாந்தி வரும்" னு நின்னுக்கிட்டா. வாந்தியா? சின்னதுல கொடைக்கானல் போனப்ப சன்னல்ல தலைய நீட்டிப் பாட்டுல்லா பாடினா. பிறகு கோயம்புத்தூர்ல முதல் வேலை கெடைச்சு ஹாஸ்டல்ல இருந்தா. ஒரு நா சாயந்திர ரிங் வரல. நான் வார்டனுக்குப் போட்டு, கூட இருக்க பிள்ளைக்குப் போட்டு, அந்தப் பிள்ளையோட அப்பாவுக்கும் போட்டு, எங்க வீட்டு அவியளை இழுத்துக்கிட்டு பஸ் ஏறி, காலையில போய் இறங்கினா, இவ சாப்பாட்டுக் கூடத்துல உக்காந்து இட்லியப் பிட்டுக்கிட்டு இருக்கா. சார்ஜர் பழுதாம். அத்தனை பிள்ளைகளும் சாப்பிடுததை நிறுத்திட்டு என்னைப் பாத்துதுக. இவ எந்திரிச்சு வந்து என் தலையில கலைஞ்ச முடியை ஒதுக்கி விட்டா. திட்டல. பிறகு கொஞ்ச நாள்ல "அங்கத் தண்ணி ஒத்துக்கிடலம்மா" ன்னு பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டா. சிறுவாணித் தண்ணி ஒத்துக்கிடலன்னு சொன்ன ஒரே ஆளு உலகத்துலயே என் மகதான். அதையும் நான் நம்பினேன். நம்புனதோட விட்டேனா, வந்த அன்னைக்கு நாட்டுக்கோழி அடிச்சுக் குழம்பு வச்சேன்.

ஹை கிரவுண்டு பக்கம் ஆம்புலன்ஸ் போகுது. போகட்டும். இந்தத் தெருவுல இருக்கவளுக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கோயில் மணி மாதிரி, பெரிய ஆஸ்பத்திரி இங்கனதான இருக்கு, நாள் முழுக்கப் போகும், வரும். இது எந்த ஊர்ல இருந்து வருது? தென்காசிப் பக்கமா, தூத்துக்குடிப் பக்கமா? சத்தத்தை வச்சுச் சொல்ல முடியுமா? கிழக்க இருந்துதான் வருது. கிழக்கதான தூத்துக்குடி. ஏ, சும்மா இருக்கியா சவமே, மார்க்கெட்டும் கிழக்கதான் இருக்கு. எழுந்து உக்காந்துட்டேன். கால் தானா அடுக்களைக்குப் போகுது. இத்தனை வருசத்துல எனக்கு ஒண்ணும் நடந்ததில்ல, அதைச் சொன்னா யாரு நம்புவா? அவனவனுக்கு வீட்டுல ஒரு சாவு, ஒரு விபத்து, அதுல இருந்து பயம் பிடிச்சுன்னு சொல்லுவான். எனக்கு அப்படி ஒண்ணும் கெடையாது. போனவங்க எல்லாரும் வந்து சேர்ந்திருக்காங்க. அதான் என் பயமே. ஒவ்வொரு தடவையும் நான் பயந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் ஆகல. அப்பம் நான் பயந்ததாலதான ஒண்ணும் ஆகல? நான்தான அவங்களைக் கயிறு கட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்? இன்னைக்கு ஒரு நாள் நான் கயிறை விட்டு, இன்னைக்கின்னு பாத்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? இதை டாக்டரம்மாகிட்டச் சொல்லல. சொல்லியிருந்தா மாத்திரைய கூட்டியிருப்பாவ.

கொப்பரைய இறக்கிட்டேன். இறக்கினா என்ன, கொப்பரையக் கழுவண்டாமா? மூடியத் தொறந்துட்டேன். அரிசில வண்டு விழுந்துருக்கான்னு பாக்கண்டாமா? ஆகா தங்கபுஷ்பம், உன்னை வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும். கூப்பிடக் கூடாதுன்னுதான சொன்னா. மிஸ்டு கால் குடுத்தா அது கூப்பிடுததா? எடுத்தாத்தான அது கால், எடுக்காதது எப்படிக் காலாகும்? நான் ஒத்த ரிங் விட்டுக் கட் பண்ணிட்டா அவளுக்கும் தொந்தரவு இல்ல, ரிங் போகுதான்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சிரும். ரிங் போனா போன் உயிரோட இருக்கு. போன் உயிரோட இருந்தா அவளும்... ஆனா ரிங் வந்தா அவ என்ன பண்ணுவா? வண்டி ஓட்டிக்கிட்டே ஒத்தக் கையால பைக்குள்ள துழாவுவா. எதிர்ல அந்த இறக்கை லாரி. அப்பம் அவளைக் கொன்னது நான்லா ஆவேன். கூப்பிட்டாலும் சாவு, கூப்பிடாட்டாலும் சாவு, இதென்ன கணக்கு? கை அரிசிக்குள்ள போயிட்டு. அரிசி எவ்வளவு குளிர்ச்சி. வெளிய இத்தனை வெயில் அடிச்சும் உள்ள ஒரு கிணறு மாதிரி. விரலுக்கு இடுக்குல நழுவி நழுவிப் போகுது, நகக்கண்ணுல குத்துது, போனைத் தொட்டுட்டேன், எடுக்கல, சும்மா தொட்டுக்கிட்டே நிக்கேன், காய்ச்சல்கார பிள்ளை நெத்தியில கைய வச்சுக்கிட்டு இருப்போமே அந்த மாதிரி. கண்ணை மூடினேன். அப்படியே நின்னுக்கிட்டே இருந்தா சாயந்திரம் ஆயிரும், கதவு தட்டுத சத்தம் கேக்கும், கைய எடுத்து உதறிட்டுப் போய்த் தொறந்துரலாம். அரிசிக்குள்ள ஆம்புலன்ஸ் கேக்கல. கருவாடும் இல்ல, வெயிலும் இல்ல. ரோடு மட்டும் தூரத்துல மெதுவாப் போய்க்கிட்டு இருக்கு.

அப்பம் அரிசி நடுங்குச்சு. மொத டிரம்முதான் ஆடுதுன்னு நினைச்சேன். கைக்குள்ள ஏதோ உசிரு துடிக்குது. ஒரு தடவை. நின்னு போச்சு. வெளிய இழுத்தா அரிசியெல்லாம் தரையில சிதறுது, பட்டன் போனோட குட்டித் திரையில அவ பேரு. ஒத்த ரிங். சேர்ந்துட்டா! ஆண்டவரே, ஸ்தோத்திரம், சேர்ந்துட்டா! வேண்டாம்னுட்டுப் போனவ மனசு கேக்காமக் குடுத்திருக்கா பாரு, என் வயித்துப் பிள்ளைல்லா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி வந்துட்டு. பிறகுதான் மணியப் பாத்தேன். இதுக்குள்ள எப்படித் தூத்துக்குடி போய்ச் சேர முடியும்? பாதி வழிதான் ஆகியிருக்கும். பாதி வழியில எதுக்கு ரிங்? அவளாக் குடுத்தாளா, இல்ல ரோட்டுல கெடந்த போனை யாரும் எடுத்து, அம்மான்னு பேரு போட்டிருக்கேன்னு அமுக்கிப் பாத்தாங்களா? பெருவிரல் பச்சைப் பட்டன் மேல இருக்கு. அழுத்தினா முடிஞ்சுது. அழுத்தல. ஏன்னு கேக்காதீங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கேன், முதுகுல வேர்வை ஓடுது. முடியும்னு வாசல்ல நின்னு வாய் சொல்லிட்டு, சொன்ன வாய்க்கு ஒரு மரியாதை வேண்டாமா? அவ சட்டம் போட்டா, நான் ஒத்துக்கிட்டேன். கூப்பிட மாட்டேன். செத்தாலும் கூப்பிட மாட்டேன். கொஞ்ச நேரத்துல லேசா ஒரு பெருமைகூட வந்துது. சிரிப்பா இருக்கா? எனக்கு வந்துது. நான் ஜெயிச்சிட்டேன்ட்டி ஷெர்லின்னு அந்த அரிசிகிட்டச் சொன்னேன்.

அப்பம்தான் போன் அடிச்சுது. நிக்காம அடிச்சுது. ஒத்த ரிங் இல்ல, முழுசா.

"ம்மா" ன்னா. ஒரே மூச்சிரைப்பு. "ஏம்மா கூப்பிடல?"

"என்னட்டி ஆச்சு? எங்க இருக்க?"

"வாகைக்குளத்துல, டீக்கடை வாசல்ல. ஒண்ணும் ஆகலம்மா. நீ ஏன் கூப்பிடல? வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி போனைப் பாத்துக்கிட்டே வந்தேன். எப்படியும் கூப்பிடுவன்னுதான் நினைச்சேன். மிஸ்டு கால் குடுத்தேன்லா, குடுத்தா ஒரு நிமிசத்துல திருப்பிக் கூப்பிடுவேல்லா? கூப்பிடல. அப்பாவும் எடுக்கல. உனக்கு என்னமோ ஆயிட்டு, நெஞ்சு வலி வந்து தனியா விழுந்து கெடக்கன்னு... கண்ணு முன்னால அப்படியே தெரிஞ்சுதும்மா. வண்டியத் திருப்பிட்டேன். வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்."

வண்டியத் திருப்பிட்டாளாம். நாலு மணிக்குள்ள கிழக்க போகணும், இவ மேக்க பாத்து நிக்கா. அந்தக் குரலை நான் கேக்கேன். வார்த்தைக்கு வார்த்தை மூச்சை இழுத்து இழுத்து, நடக்காததைக் கண்ணு முன்னால பாத்து, அதுக்கு அழுது. இது எனக்குத் தெரிஞ்ச குரலுல்லா. கோயம்புத்தூர் வார்டன்கிட்ட நான் பேசின குரல். என் மூக்கைக் குடுத்தேன், என் சுருட்டை முடியக் குடுத்தேன், இதையுமா குடுத்துத் தொலைச்சேன்? இத்தனை லாரிக்கும் பயந்தவ நான், இந்தப் பயத்தை மட்டும் இதுக்கு முந்திப் பட்டதில்ல. தரையில அரிசி மேலயே உக்காந்துட்டேன்.

"தூங்கிட்டேன்ட்டி" ன்னேன்.

"என்னது?"

"சாளை மீன் குழம்பை ஊத்தி நல்லாச் சாப்பிட்டேன். காத்தாடியப் போட்டுக்கிட்டுப் படுத்தேன். தூங்கிட்டேன். நீ அடிச்சதுதான் எழுப்பிட்டு."

"நீயா? நான் ரோட்டுல போறப்பவா?"

"ஏன், எனக்கெல்லாம் தூக்கம் வரக் கூடாதா?"

ஒரு லாரி போற இரைச்சல் போனுக்குள்ள வந்து காதைக் கடந்து போச்சு. ரொம்ப நீளமாப் போச்சு. நான் கண்ணை மூடல.

"சும்மா சொல்லுத" ன்னா. "உன் குரலே சரியில்லம்மா. நான் வந்து ஒரு எட்டு உன்னைப் பாத்துட்டுப் போறேன். வேலை கெடக்கு, வேற வேலை பாத்துக்கிடலாம். எனக்கும் அந்த லேப் அவ்வளவாப் பிடிக்கல."

பிடிக்கலயாம். தண்ணி ஒத்துக்கிடலயாம். மலையில வாந்தி வருமாம். வா மக்களே, வந்துருன்னு என் தொண்டை வரைக்கும் வந்துட்டு. வந்துருவா. முக்கால் மணி நேரத்துல வாசல்ல நிப்பா, கைகால் முழுசா, நான் தலையத் தடவிப் பாத்துக்கிடலாம், நாட்டுக்கோழி அடிக்கலாம். உடம்பு முழுக்க அந்த ஒரு வார்த்தையத்தான் கேக்கு. இதை விட லேசான வார்த்தை இந்த உலகத்துல இல்ல.

"வந்தா கதவைத் தொறக்க மாட்டேன்" னேன்.

"அம்மா!"

"வண்டியத் திருப்பு. கிழக்க பாத்துத் திருப்பு. மெதுவாப் போ, நேரம் இருக்கு. போய்ச் சேரு."

மூக்கை உறிஞ்சுதது கேட்டுது. பிறகு, சின்னப் பிள்ளையில மடியில இருந்துக்கிட்டுக் கேப்பாளே அந்தக் குரல்ல, "சேர்ந்ததும் ஒத்த ரிங் குடுக்கட்டுமா?" ன்னா. யாருக்குக் கேக்கா, எனக்கா, அவளுக்கா? ரெண்டும் ஒண்ணுதான் போல.

"குடுக்காத. குடுத்தாலும் எனக்குத் தெரியாது, போனைத் தண்ணிக்குள்ள போடப் போறேன். நிசமாத்தான் சொல்லுதேன். எடுக்கலன்னு திரும்பி வந்துராத. சாயந்திரம் வந்து கதவைத் தட்டு."

"தண்ணிக்குள்ளயா? உனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிட்டாம்மா?" ன்னு கேட்டுட்டுச் சிரிச்சா. அழுகையோட சேர்ந்த சிரிப்பு. டிக்குன்னு ஒரு சத்தம், ஹெல்மெட் பட்டை. வண்டி எந்திரிச்சு உறுமுச்சு. வச்சிட்டா.

பின்வாசல்ல பாத்திரம் கழுவ வாளியில தண்ணி பிடிச்சு வச்சிருந்தேன். குனிஞ்சு போனை உள்ள விட்டேன். எறியல, விட்டேன். கொஞ்ச தூரம் வெளிச்சத்தோடயே இறங்குச்சு, ரெண்டு குமிழி விட்டுது, அடியில போய் மலந்து படுத்துது, பிறகு அணைஞ்சிட்டு. இந்த வருசத்துக்கே அழுது தீத்துரலாம்னு நினைச்சு உக்காந்தேன், அழுகை வரல. ஹை கிரவுண்டு பக்கம் இன்னொரு ஆம்புலன்ஸ் போகுது. நெஞ்சு அடிக்கத்தான் செய்யுது. அடிக்கட்டும், அது பாட்டுக்கு அடிக்கட்டும், நான் எழுந்து போகப் போறதில்ல. உள்ளங்கை முழுக்க அரிசி ஒட்டியிருக்கு.

சுவருக்கு மேல செல்லக்கனி மதினி தலை தெரிஞ்சுது. வாளிக்குள்ள எட்டிப் பாத்தா. "அய்ய, தங்கபுஷ்பம், மறுபடியும் விழுந்துட்டா? எடு, எடு, சீக்கிரம் எடுத்து அரிசில போடு!"

"வேண்டாம் மதினி. கெடக்கட்டும்" னேன்.